உப்புத்தண்ணீர் எலிகள்

அண்ணன் எலியைக் கொல்வதைப் பார்ப்பதற்கென்றே மற்ற ஆய்வகங்களிலிருந்து ஆட்கள் கீழ்த்தளத்துக்கு வருவார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிக் கம்பிவலைமேல் விடுவான். அது முன்னங்கால்களால் வலையைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கணத்தில் பிடரியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அழுத்தி, மறுகையால் வாலை ஒரே இழுப்பு. டக்கென்று ஒரு சத்தம், கதை முடிந்தது. எலிக்கே தெரிந்திருக்காது என்று வந்தவர்கள் மெச்சிக்கொள்வார்கள். எலியைக் கேட்டுப் பார்த்தவர் யாருமில்லை.

கடிக்கிற எலிகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. விரலில் பல் பட்டுவிட்டால் போதும், அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். வாலோடு சுழற்றி மேசை விளிம்பில் ஒரே போடு. மண்டை தெறித்துச் சுவரில் சிவப்பாகக் கோடு விழும். செத்ததை உடனே எடுக்கவும் மாட்டான். கூண்டுகளுக்கு எதிரே கொஞ்ச நேரம் கிடக்க விடுவான். "இனி ஒரு வாரத்துக்கு எவனும் வாயைத் திறக்க மாட்டான் பாரு," என்பான்.

கீழ்த்தளத்தில் அவன் எலிகளைச் சோதித்தான் என்றால், மூன்றாம் மாடியில் அந்த எலிகளுக்கான மருந்துகளைச் செய்தவள் அவன் தங்கை பாப்பா. பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தெட்டு வயது, கரிம வேதியியலில் முனைவர் பட்டம், தடித்த மூக்குக்கண்ணாடி, வலது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. அண்ணன் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டு, வாசல் காவலாளி முதல் நிறுவனத் தலைவர் வரை எல்லாருக்கும் அவள் பாப்பா ஆகிவிட்டாள். தழும்பு ஒன்பதாம் வகுப்பில் வந்தது. இயற்கணிதத்தில் ஒரு கணக்கு தப்பு. அண்ணன் கையில் எஃகு அடிக்கோல்.

அம்மா முதலில் போனாள், அப்பா பின்னாலேயே போனார். அப்போது அண்ணனுக்குப் பதினேழு வயது. படிப்பை மூட்டை கட்டிவிட்டு இதே நிறுவனத்தில் எலிக்கூண்டு கழுவ வந்தான். தான் தின்னாமல் தங்கையைத் தின்ன வைத்தான், தான் படிக்காமல் அவளைப் படிக்க வைத்தான். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அந்தக் கடனை நினைத்துத்தான் பாப்பா இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை. அவன் அவளைப் படிக்க வைத்த அளவுக்கு அடிக்கவும் அடித்தான். சட்டைக்கு மேலே தெரியாத ஊமைக்காயங்களாகப் பார்த்து அடிப்பான். அடி விழும்போது அசையக் கூடாது, அசைந்தால் அடி கூடும், சத்தம் போட்டால் இன்னும் கூடும். அந்த வீட்டின் விஞ்ஞானம் இவ்வளவுதான். பாப்பா அதைப் பத்து வயதிலும், கல்யாணம் செய்துகொண்டு வந்த அண்ணி ஒரே மாதத்திலும் கற்றுக்கொண்டார்கள்.

பாப்பா தேடியது வலிக்கு ஒரு மருந்து. தூக்கம் வராமல், பழக்கம் ஏற்படாமல், வலியை மட்டும் அணைக்கிற மருந்து. ஒரு வளையம், அந்த வளையத்தின் தோளில் நைட்ரஜன் வைத்த ஒரு கை. இதுதான் அவளுடைய மருந்து மூலக்கூறின் அடிப்படை உருவம். கையை நீட்டினாள், குறுக்கினாள், வளையத்தில் ஒரு அணுவை மாற்றினாள். குடுவையில் காந்தக்கட்டை சுழலச் சுழலக் காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தூளாக ஒரு புதிய பொருள் கிடைத்தது. எண் ஒன்று, எண் இரண்டு என்று நாற்பது வரை போயிற்று. நாற்பதையும் எலிகள் காறித் துப்பின. அப்போது சோதித்தவர் ஒரு பழைய பரிசோதகர். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தான். அவன் கையால் சோதித்த முதல் மருந்து எண் நாற்பத்தொன்று.

சோதனை எளிதுதான். ஐம்பத்தைந்து டிகிரி சூட்டில் ஓர் உலோகத் தட்டு, சுற்றிலும் கண்ணாடிச் சுவர். நம் உள்ளங்கையை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுவோம். ஊசி போட்ட எலியை அதன்மேல் விட்டு ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். அது பாதத்தை நக்கினாலோ துள்ளினாலோ நிறுத்த வேண்டும். மருந்தில்லாத எலி ஏழெட்டு வினாடியில் நக்கிவிடும். மருந்து வலியை அடக்கியிருந்தால் பதினைந்து, இருபது என்று நிற்கும். முப்பதுக்கு மேல் விடக் கூடாது, பாதம் வெந்துபோகும்.

நாற்பத்தொன்று போட்ட எலிகள் முப்பது வினாடியும் நின்றன. பன்னிரண்டு எலிகளும் சொல்லி வைத்ததுபோல் நின்றன. அண்ணன் மூன்று மாடிப் படியையும் ஓடி ஏறி வந்து, எல்லார் முன்னாலும் தங்கையைத் தூக்கிச் சுற்றினான். பாப்பாவுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான நாள் வேறொன்று இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எந்த மருந்தையும் வெறும் உப்புத்தண்ணீரோடு ஒப்பிட்டால்தான் அது மருந்தா இல்லையா என்று தெரியும். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு உப்புத்தண்ணீர். இரண்டு பாதியையும் ஒரே ஆள் சோதிக்க வேண்டும், எது எதுவென்று அந்த ஆளுக்கே தெரியக் கூடாது. கீழ்த்தளச் சுவரில் இதைச் சட்டம் போட்டு மாட்டியே வைத்திருந்தார்கள். ஆனால் அண்ணன் இப்போது பொறுப்பாளர். உப்புத்தண்ணீர் எலியைத் தொடுவது பொறுப்பாளருக்கு மரியாதைக் குறைச்சல் இல்லையா? "ஒண்ணுமில்லாததைப் பாக்க நான் எதுக்கு?" என்று அந்தப் பாதியைக் கூண்டம்மாவின் தலையில் கட்டிவிட்டான். கூண்டு கழுவி மரத்தூள் மாற்றுகிறவள் கூண்டம்மா. ஐம்பதைத் தாண்டியவள், எலிகளை மருமகளே, மச்சானே என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். மருந்து எலி அவனுக்கு, உப்புத்தண்ணீர் எலி அவளுக்கு. பதிவேட்டில் மட்டும் இரண்டு பக்கமும் அவன் கையெழுத்து. இந்த ஏற்பாடு மூன்றாம் மாடிக்குத் தெரியாது.

நாற்பத்தொன்றுக்குப் பிறகு பாப்பா தொட்டதெல்லாம் துலங்கியது. நாற்பத்திரண்டும் வேலை செய்தது, நாற்பத்தாறும் வேலை செய்தது. நாற்பத்தொன்றை ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அடுத்த கட்டம் தீக்காய வார்டு. அடுத்த மாதத்திலிருந்து, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பாதி நோயாளிகளுக்கு வழக்கமான ஊசியை நிறுத்திவிட்டு நாற்பத்தொன்றைப் போடுவார்கள்.

வார்டைப் பார்க்கப் பாப்பாவையும் அழைத்துப்போனார்கள். நீராவிக் குழாய் வெடித்து மார்பிலிருந்து தொடை வரை வெந்துபோன ஒரு சலவைத் தொழிலாளிக்கு அப்போது கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். துணி சதையோடு ஒட்டியிருந்தது. நர்ஸ் அதை நனைத்து நனைத்து உரித்தாள். அந்தப் பெண் முதலில் கத்தினாள், பிறகு அலறினாள், பிறகு குரல் போய் வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. ஊசி போட்டும் இந்தக் கதி. எல்லாம் முடிந்ததும் அவள் பாப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மருந்து எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றாள் பாப்பா.

மருந்து செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்று காட்ட, அதையே வேண்டுமென்று கெடுத்து ஒன்று செய்வார்கள். சாவியின் பல்லை அராவிவிட்டால் பூட்டு திறக்கக் கூடாது அல்லவா? அதற்காக. பாப்பா நாற்பத்தொன்றின் கையை வெட்டி எறிந்துவிட்டு வெறும் வளையத்தை மட்டும் வைத்து நாற்பத்தேழைச் செய்தாள். அதற்கு நொண்டி என்று செல்லப் பெயரும் வைத்தாள். மூன்று வாரம் பிடித்தது. சொட்டு வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, புற ஊதா விளக்கின் கீழே வேறெதுவும் கலக்காமல் ஒரே ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தம். வலியோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இருக்க வழியில்லை.

நொண்டி போட்ட எலிகளும் முப்பது வினாடி நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முடிவுத்தாளை எடுத்துக்கொண்டு பாப்பா கூடத்துக்கு வந்தாள். அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாப்பத்தேழு வேலை செய்யக் கூடாது."

"செய்யுதே. சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

"அதான் பயமா இருக்கு. எதைப் போட்டாலும் வேலை செய்யுதுன்னா எதுவுமே வேலை செய்யலன்னு அர்த்தம். தப்பு மருந்துல இல்லண்ணே. டெஸ்ட்டுல எங்கயோ இருக்கு."

"டெஸ்ட்டு யாரு பண்றது?"

அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்த தாளைத் தட்டிவிட்டான். "உன்னை ஆளாக்குனவன் கையில தப்புங்கிற? படிச்ச திமிரு?" என்று முஷ்டியை ஓங்கினான். பாப்பா எந்தத் துணிச்சலிலும் விலகவில்லை. தாள் விழுந்ததே என்று பழக்கதோஷத்தில் எடுக்கக் குனிந்தாள், அவ்வளவுதான். முஷ்டி அவள் தலைக்கு மேலே போய்க் கதவு நிலையில் இடித்தது. எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அண்ணன் அலறினான். அந்த வீட்டில் ஆண்குரல் ஒன்று வலியில் அலறியது அதுதான் முதல் தடவை.

"எதுக்குடி குனிஞ்ச?" என்றான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், இடக்கையால் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, அதே நிலையில் மூன்று முறை மோதினான். மூன்றாவது முறை காது கொய்யென்றது. அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்தது அவள்தான். டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான்.

வலக்கையில் முழங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு. வார்டு அனுமதிக்கான கோப்பில் சேர்க்க நாற்பத்தொன்றை இன்னொரு முறை சோதிக்க வேண்டியிருந்தது. அண்ணன் இல்லாததால் இரண்டு பாதியையும் கூண்டம்மாவே செய்தாள். மருந்து போட்ட எலிகள் ஏழு வினாடியில் நக்கின. எட்டில் நக்கின. ஒன்று தட்டில் கால் வைத்ததுமே துள்ளி வெளியே விழுந்து மேசைக்கடியில் ஓடியது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றார் தலைவர். பாப்பாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாள், உருகுநிலை பார்த்தாள், எடை பார்த்தாள். ஊசிமுனை அளவுக்கும் குற்றம் சொல்ல முடியாத தூள். மறுபடியும் ஏழு, மறுபடியும் எட்டு. "அந்தம்மாவுக்குக் கைப்பழக்கம் போதாது. உங்க அண்ணன் வரட்டும்," என்று தலைவர் முடித்துவிட்டார்.

மறுநாள் பாப்பா தானே கீழ்த்தளத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். நாற்பது கூண்டுகளிலும் மரத்தூள் சரசரத்தது. எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. கூண்டம்மா ஓர் எலியைத் தட்டில் விட்டாள். ஸ்டாப்வாட்ச் பாப்பாவின் கையில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன்தான். கட்டுப் போட்ட கையோடு, தன் இடத்தில் யார் என்ன கிழிக்கிறார்கள் என்று பார்க்க வருகிறான்.

நாற்பது கூண்டும் ஒரே நேரத்தில் அடங்கின. கூண்டம்மா உதட்டை அசைக்காமல், "வர்றாரு," என்றாள். தட்டில் இருந்த எலி நான்கு காலையும் ஊன்றி அப்படியே உறைந்தது. பத்து, பதினைந்து, இருபது. அதன் கண்கள் மட்டும் பிதுங்கியிருந்தன. பாதத்தின் இளஞ்சிவப்பு மெல்ல அடர்ந்தது. முப்பது ஆயிற்று. பாப்பாவின் விரல் ஸ்டாப்வாட்சை அழுத்த வரவில்லை. அப்போதுதான் பார்த்தாள், தான் சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையையும் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பதை. கூண்டம்மா எலியைத் தூக்கிவிட்டாள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

"இதுக்கு என்ன ஊசி போட்டீங்க?"

"உப்புத்தண்ணிதான்மா."

"உப்புத்தண்ணியா?"

"இதுங்க எப்பவும் இப்படித்தான். அவரு சத்தம் கேட்டா செத்தாலும் அசையாதுங்க. அவரு செய்யற மருந்து எலியெல்லாம் இப்படித்தான் நிக்கும். உப்புத்தண்ணி எலி என்கிட்ட இருக்கறதுனால நக்கும், குதிக்கும். உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்."

முதலில் பாப்பாவுக்கு எலிகள் மேல்தான் கோபம் வந்தது. வலித்தால் வலிக்கிறது என்று காட்டித் தொலைய வேண்டியதுதானே! இதற்காகவா ஒன்பது வருடம்? அந்த நினைப்பு பாதியில் அவளைத் திருப்பி அறைந்தது. கரைப்பான் டப்பாக்கள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். நாற்பத்தொன்றை அவள் பெற்ற பிள்ளைபோல் நேசித்தாள். அது மருந்தே இல்லை. அந்தச் சலவைத் தொழிலாளிக்கு அடுத்த மாதம் அதைப் போட்டுவிட்டுத் தோலை உரிப்பார்கள்.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அண்ணனைக் கண்டா எலி பயப்படுது. இதை நான் எழுதி அனுப்பணுமா? ஊரே சிரிக்கும் பாப்பா."

"சிரிக்கட்டும் சார். வார்டுல போடக் கூடாது."

"வியாழக்கிழமை வார்டு டாக்டரும் அனுமதி தர்ற குழுவும் நேர்ல வர்றாங்க. உங்க அண்ணன் ஒத்தைக் கையாலயாவது செஞ்சு காட்டறேன்னு சொல்லியிருக்கார். எலி நின்னா வார்டுக்குப் போகும். நிக்கலன்னா நிறுத்திடலாம். சரிதானே?"

நிற்கும் என்று அவருக்கும் தெரியும்.

புதன்கிழமை மாலை பாப்பா அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே தண்ணீர்க் குடத்தை விளக்கினாள்.

"எல்லார் முன்னாடியும் அவரைக் கேவலப்படுத்துனா உன்னைக் கொன்னுடுவாரு."

"தெரியும் அண்ணி."

"ஒரு பொய்தானே? இத்தனை வருஷமா நாம சொல்லாத பொய்யா? வழுக்கி விழுந்தேன், கதவு இடிச்சுது..."

"அந்தப் பொய்க்கு அடி நமக்கு விழுந்துச்சு. இந்தப் பொய்க்கு அடி வேற யாருக்கோ விழும் அண்ணி. அதைத்தான் தாங்க முடியல."

அண்ணி குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஈரக்கையால் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். அந்த வீட்டில் கன்னத்தைத் தொட்ட கை எதுவும் அடிக்காமல் போனதில்லை. பாப்பாவின் கண் தானாக மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை பதினொரு மணி. கீழ்த்தளத்தில் தலைவர், தீக்காய வார்டு டாக்டர், குழுவிலிருந்து இரண்டு பேர். பாப்பா இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் மேல் நாற்பத்தொன்று என்று ஒட்டியிருந்தது. இன்னொன்று கோட்டுப் பையில். ஒட்டியிருந்த புட்டியிலிருந்து ஆறு எலிகளுக்கு அவளே ஊசி போட்டாள். அரை மணி நேரம் கழித்து அண்ணன் இடக்கையால் எலிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் விட்டான். சலவை செய்த சட்டை, வாரிய தலை, வாயெல்லாம் சிரிப்பு. முதல் எலி முப்பது வினாடி நின்றது. இரண்டாவது நின்றது. ஆறும் நின்றன.

"பாத்தீங்களா? என் தங்கச்சி மருந்து. தட்டுல அடுப்பே எரிஞ்சாலும் சுகமா நிக்கும்," என்றான். வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

பாப்பா ஊசி போட்ட அந்தப் புட்டியை எடுத்து மூடியைத் திறந்து, எல்லாரும் பார்க்க உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். பிறகு டாக்டரிடம் நீட்டினாள். "நீங்களும் பாருங்க டாக்டர். உப்புத்தண்ணி."

டாக்டர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"பாப்பா," என்றான் அண்ணன், மெதுவாக. அந்தக் குரலின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவனை எந்த அறையிலிருந்தும் யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. தலைவரைப் பார்த்தான். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். வார்டு டாக்டர்தான் கதவைக் காட்டினார். அவன் போனான். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் அவன் முகம் மட்டும் நின்றது. கூண்டம்மா கூண்டு துடைக்கும் துணியை எடுத்து அந்தக் கண்ணாடியில் தொங்கவிட்டு மறைத்தாள். பாப்பா பையிலிருந்த உண்மையான நாற்பத்தொன்றை எடுத்து வேறு ஆறு எலிகளுக்குப் போட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மெல்ல மெல்லக் கூண்டுகளில் சரசரப்பு திரும்பியது.

"வா மச்சானே," என்று கூண்டம்மா முதல் எலியைத் தட்டில் விட்டாள். ஏழு வினாடியில் அது பாதத்தை நக்கியது. அடுத்தது ஆறு. அடுத்தது எட்டு. நான்காவதோடு டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதையா என் நோயாளிகளுக்குப் போடச் சொன்னீங்க?" என்று தலைவரைக் கேட்டார்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. அண்ணன் நான்கே எட்டில் அறையைக் கடந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையைக் கட்டைபோல் ஓங்கிப் பாப்பாவின் முகத்தில் இறக்கினான். மூக்குக்கண்ணாடி இரண்டாக முறிந்து தட்டில் விழுந்தது. உதடு கிழிந்தது. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. ஒரு பல் நாக்கின் மேல் கழன்று நின்றது. மாவுக்கட்டு வெடித்து வெள்ளைத் துண்டுகள் உதிர்ந்தன. மூன்றாவது அடி காதில். முறிந்த தன் எலும்பே மறுபடி முறிவது அவனுக்கு உறைக்கவில்லை.

பாப்பா நின்றாள். கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, ஒரு சத்தம் இல்லை. இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருந்தன. கண்கள் மட்டும் அகலமாகத் திறந்திருந்தன. ரத்தம் முகவாயிலிருந்து கோட்டில் சொட்டியது.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அசையாத எலிக்கு வலி இல்லை என்று வருடக்கணக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு கூண்டுகளைப் பார்த்தார்கள். நாற்பது கூண்டிலும் ஓர் எலிகூட அசையவில்லை.

நான்காவது அடிக்கு ஓங்கிய கையைக் கூண்டம்மாதான் முதலில் பிடித்தாள். பிறகுதான் டாக்டரும் மற்றவர்களும் பாய்ந்து அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். அவன் திமிறினான். பிறகு குழந்தைபோல் ஓவென்று அழுதான். "உனக்காகத்தானேடி எல்லாம் செஞ்சேன்! ஒவ்வொரு எலியையும் உனக்காகத்தானே பாத்துப் பாத்து செஞ்சேன்!" அதில் பொய்யில்லை என்று பாப்பாவுக்குத் தெரியும். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நம்பித்தான் அவன் இத்தனை காலம் அடித்தான் என்பதும் தெரிந்தது.

டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து வாயில் பஞ்சை வைத்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்துப் பழக்கம். பாப்பா அந்தச் சொல்லை ரத்தத்தோடும் பல்லோடும் சேர்த்துத் தரையில் துப்பினாள்.

"வலிக்குது," என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

"என்னம்மா?"

"வலிக்குது!" என்று கத்தினாள். பிறகு வார்த்தை இல்லாமல் அலறினாள். வார்டில் அந்தப் பெண் அலறியதைப்போல், அடிவயிற்றிலிருந்து, மூச்சு தீரும் வரை அலறினாள். நடைபாதையில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. சுவரோரம் அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டு, யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். கூண்டம்மா பின்னால் வந்து நின்று அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா அலறி முடித்து, கோட்டுக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்தாள். அவர் கையில் பதிவேடு இருந்தது, பேனா இருந்தது. ஒன்றும் எழுதாமல் நின்றார்.

"எழுதுங்க சார்," என்றாள். "நாப்பத்தொண்ணு வேலை செய்யலன்னு எழுதுங்க. ஏன் அசையாம நின்னுதுங்கன்னு எழுதுங்க. யாரு அடிச்சாங்கன்னு எழுதுங்க. வலிக்குதுன்னு எழுதுங்க."

தலைவர் உட்காரக்கூட இல்லை, அங்கேயே நின்றபடி எழுதினார்.